வீடு பார்க்க வந்தவர்

"அது என்ன சத்தம்?" என்றார் வீட்டை விலைக்குப் பார்க்க வந்தவர்.

கேள்வியில் பாதிதான் காதில் விழுந்தது. பக்கத்து வீட்டு முற்றத்தில் தகர வேலைக்காரன் ஒரு பெரிய தகட்டைப் போட்டுச் சாத்து சாத்தென்று சாத்திக்கொண்டிருந்தான்.

"தகரம் அடிக்கிறாங்க சார்" என்று கத்தினார் டிரைவர். பஸ் ஓட்டுவதை விட்டு வருஷக்கணக்காகியும் தெருவுக்கு அவர் டிரைவர்தான்.

"எப்பவுமே இப்படித்தானா?"

"ஞாயித்துக்கிழமைகூட லீவு கிடையாது. சொல்லிச் சொல்லி என் வாய் வலிச்சதுதான் மிச்சம். மனுஷங்களா அவங்க?"

டீயோடு வந்த மனைவி அவரை முறைத்தாள்.

"வந்தவர்கிட்ட நல்லதையும் நாலு சொல்லுங்களேன். தண்ணிக் கஷ்டமே கிடையாது சார். காத்து அப்படி வரும். மாடி ரூமைப் பாருங்க, உங்களுக்குப் பிடிச்சுடும்."

அவளே முன்னால் படியேறிப் போய் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

எதிர் வரிசையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. மூடிப்போன தபால் ஆபீஸ் படிக்கட்டில் செடி முளைத்திருந்தது. தெருவிளக்கு ஒன்று தலை தொங்கி நின்றது. அதெல்லாம்கூடப் பரவாயில்லை என்பதுபோல் வந்தவர் தலையாட்டிய நேரம் பார்த்து, பக்கத்து மொட்டைமாடியில் ஒரு டிரம்பெட் வீறிட்டது. தகரக்காரனின் மச்சினன். ராகமும் இல்லை, தாளமும் இல்லை. யானைக்கு வயிற்றுவலி வந்த மாதிரி ஒரு சத்தம்.

வந்தவர் டீயைக் குடித்து முடிக்கவில்லை.

"வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றேன்" என்றார். அவர் காரை எடுத்த வேகத்திலேயே பதில் தெரிந்துவிட்டது.

"போச்சு" என்றாள் மனைவி. "பொண்ணு பாவம், நமக்காக ரூமுக்கெல்லாம் பெயிண்ட் அடிச்சு வெச்சுட்டு உக்காந்திருக்கா. போன் பண்ணுவாளே, என்ன சொல்றது?"

"உள்ளதைச் சொல்லு. பக்கத்து வீட்டுக்காரன் காரியத்தைக் கெடுத்துட்டான்னு."

"சொல்லத்தான் போறேன். நீங்க போய் அவனை நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுட்டு வாங்க."

"நீயும் வாயேன்."

"நான் எதுக்கு? வந்தா வாய் சும்மா இருக்காது. வீண் சண்டை."

டிரைவர் சட்டையை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று போனார். தெருவுக்கே கேட்கும்படி கதவைத் தட்டினார். திறந்ததும் உள்ளே நுழைந்து, தானே கதவைச் சாத்திவிட்டு, தகரக்காரனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இருப்பப்பா" என்றார், குரலை இறக்கி. "சொன்னபடியே செஞ்சுட்ட. ஆளு திரும்பிப் பாக்காம ஓடிட்டாரு."

"மெதுவாண்ணே, அக்கா காதுல விழப் போவுது."

"அதான் பயம். எனக்கு இந்த வீட்டை விட்டுப் போக மனசே இல்ல. அவளுக்கு மகளோட போய் இருக்கணும்னு ஆசை. போன் பேசிட்டு வந்தா முகம் வாடிப் போயிடுது. அவகிட்ட எந்த வாயால வேண்டாம்னு சொல்லுவேன்?"

"எங்களுக்கும்தான் என்னண்ணே இருக்கு? நீங்களும் போயிட்டா இந்த வரிசையில நாங்க மட்டும்தான். அப்புறம் யார்கிட்ட திட்டு வாங்குறது?"

டிரைவர் சிரித்துவிட்டார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக அவன் தோளைத் தொட்டார்.

"ஆனா ஒண்ணுப்பா. நான் தகரம்தானே அடிக்கச் சொன்னேன்? அந்த டிரம்பெட் கொஞ்சம் ஜாஸ்தி. அவளுக்குச் சந்தேகம் வந்தா நான் தொலைஞ்சேன்."

தகரக்காரன் கதவோரம் நின்றிருந்த தன் மனைவியைப் பார்த்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க" என்று தலையைச் சொறிந்தான் அவன். "தகரம் நீங்க கேட்டதுக்குண்ணே. டிரம்பெட், அக்கா வந்து கேட்டுக்கிட்டதுக்கு."