பத்து மார்க் வாங்கிய கவுன்சிலர்

"அந்தக் கவுன்சிலருக்கா பத்து மார்க்? அவர் காலத்துல குழாயில சொட்டுத் தண்ணி வரலியே, புத்தி கித்தி பிசகிடுச்சா உனக்கு?" என்று, வார்டின் பழைய கவுன்சிலர்களுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டு நேற்று சர்வேக்கு வந்த பெண்ணின் எதிரிலேயே கணவர் நல்லசிவம் சிரித்ததும், "எனக்கு அவர் நல்லவர்தான், விடுங்க" என்று தான் சொன்னதும் தேவானையின் காதிலேயே நிற்கின்றன. காலை வெயில் தி.நகர் வீட்டு ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் பாத்திரக் கடைக்குக் கிளம்பிவிட்ட நல்லசிவம் சாவிக்கொத்தை விரலில் சுழற்றியபடி, "பத்துக்குப் பத்தாம்!" என்று மறுபடி சீண்டுகிறார். தேவானை காபி டம்ளரை அவர் கையில் வைக்கிறாள். "கல்யாணமான புதுசு. வீட்டுல பதினோரு பேரு. லாரித் தண்ணிக்கு வரிசையில நின்னாத்தான் நாம ரெண்டு பேரும் பேச முடிஞ்சுது. லாரி லேட்டா வரணும்னு வேண்டிக்குவேன்." சாவிகளின் சத்தம் நின்றுபோகிறது. டம்ளரிலிருந்து எழும் ஆவிக்குப் பின்னால் அவர் முகம் இளகுகிறது. "அடிப்பாவி! எனக்குக் குடம் தூக்கித் தோள் வலிச்சதுதான் ஞாபகமிருக்கு," என்கிறார். இருவரின் சிரிப்பும் அடங்குவதற்குள், இருபது வருஷமாக நாக்கு நுனியில் நின்றதை அவள் சொல்லியே விடுகிறாள்: "இனிமே ஞாயித்துக்கிழமை மட்டும் கடையை உங்க தம்பிகிட்ட விட்டுட்டு, என்கூட வீட்டுல இருங்களேன்."