எதிர் வீட்டில் கொடுத்துவிடுங்கள்

கூரியர் வேலைக்கு ஆள் கிடைக்காமல் போனதிலிருந்து கம்பெனியின் நிபந்தனை இதுதான்: உங்கள் பார்சல் வேண்டுமா, முதலில் அடுத்தவர் பார்சல் மூன்றைக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரே ஒரு குக்கர் கேஸ்கெட்டுக்காக மாதங்கி மூன்று பெட்டிகளைச் சுமந்துகொண்டு வேளச்சேரியில் ஒரு தெருவுக்கு வந்தாள். மூன்று வீடுகளும் பூட்டியிருந்தன. அவர்களும் யாருக்கோ கொடுக்கத்தான் போயிருந்தார்கள்.

போன் செய்தால், "எதிர் வீட்டுல குடுத்துடுங்க" என்றார்கள். எதிர் வீடுகளிலும் பூட்டு.

கடைசியாகப் பேசியவர்தான், "அப்ப சவரிமுத்து சார்கிட்ட குடுத்துடுங்க. தெருக்கோடி வீடு. அவர் எதுவுமே ஆர்டர் பண்ண மாட்டாரு, எப்பவும் வீட்டுலதான் இருப்பாரு" என்றார்.

சவரிமுத்து கதவைத் திறந்தார். கூடம் முழுக்க மின்விசிறி உயரத்துக்குத் தெருவின் பெட்டிகள். குளியலறைக்குக்கூட அவர் பக்கவாட்டில் நடந்துதான் போகிறாராம்.

"வெச்சுட்டுப் போம்மா. ஆனா இன்னியோட சரி."

"ஏன் சார்?"

"நானும் ஒண்ணு ஆர்டர் போட்டுட்டேன். நாளைக்கு நானும் பார்சல் குடுக்கப் போகணும்."

"அப்படி என்ன சார் வாங்குறீங்க?"

"வாசக்கதவுக்கு ஒரு பூட்டு."