மேளத்தைக் குறைங்கோ

விஜயநகருக்குப் புதிதாகக் குடிவந்த சைத்ராவின் வீட்டு மாடியில் பன்னிரண்டு பேர் ஒத்திகையில் இருந்தார்கள். மைக்கே வைக்காத இசைக்குழுதான். ஆனால் ஆப்பிரிக்க ஜெம்பே, கன்னட நாட்டுப்புறத் தமட்டே என இரண்டு மேளமும் சேர்ந்தால் தெருவே அதிரும்.

அழைப்பு மணி அடித்தது. பக்கத்து வீட்டு வைத்யநாதன். இது மூன்றாவது ஞாயிறு.

"ஸாரி அங்கிள்! ஸ்வல்ப நேரந்தான், முடிச்சிடறோம்" என்று முந்திக்கொண்டாள் சைத்ரா.

"மேளத்தைக் குறைங்கோன்னு எத்தனை தடவைம்மா சொல்றது?"

"ஜன்னலையெல்லாம் சாத்திடறோம் அங்கிள்."

"ஐயோ, சாத்திடாதே!" என்று பதறினார் அவர். "மேளம் ஓங்கினா எனக்கு அந்த ஆர்மோனியம் கேக்க மாட்டேங்கறது."

சைத்ராவுக்கு வியப்பாக இருந்தது. "அதுவா? தேவராஜ மொஹல்லாவுல ஒரு பழைய சாமான் கடையில வாங்கினது அங்கிள். ஒரு கட்டை பிசிறடிக்குது. நாளைக்கு ரிப்பேருக்குக் கொடுக்கறோம். அடுத்த வாரம் சுத்தமா கேக்கும்."

வைத்யநாதனின் குரல் இறங்கிவிட்டது.

"என் ஆத்துக்காரி போனப்பறம், பார்க்கத் தாங்காம நான்தாம்மா அதை அந்தக் கடையில கொடுத்தேன். சாயந்தரமானா வாசிக்க உட்காருவா. அந்தக் கட்டை வந்தாலே, 'அதைச் சரி பண்ணித் தொலையேன்'னு உள்ளேர்ந்து கத்துவேன். முப்பது வருஷம் கத்தினேன். போன மாசம் உங்க மாடியிலேர்ந்து அதே பிசிறு கேட்டுது."

சைத்ரா மாடியைப் பார்த்து, மேளத்தை நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுத்தாள்.

"கையெடுத்துக் கும்பிடறேன். அந்தக் கட்டையில மட்டும் கை வச்சுடாதே."