செத்த கேபிள்

“தீவாளிக்கு நாலு நாள்தான் சார் இருக்கு. அதுக்குள்ள போனைச் சரி பண்ணிக் குடுத்துருங்க” என்றாள் பஞ்சம்மாள். இந்த வாரத்தில் மூன்றாவது முறையாக டெலிபோன் ஆபீசுக்கு வந்திருக்கிறாள்.

லைன்மேன் சாம்சுந்தர் நிமிர்ந்தார். “ஆனைக்குட்டத்துல இன்னும் லேண்ட்லைன் வச்சிருக்கது நீங்க ஒருத்தருதான். செல்லு இருக்குல்ல?”

“அந்த நம்பர் எம் மகளுக்குத் தெரியாது. பிடிச்சவனோட போயி ஆறு வருசமாச்சு. தீவாளியன்னைக்கு மட்டும் வீட்டுப் போன் அடிக்கும். எடுத்தா பேச மாட்டா, மூச்சு மட்டும் கேக்கும். நானும் வீம்புக்கு வச்சிருவேன். இந்தத் தடவையாச்சும் ‘வா தாயி’ன்னு சொல்லிரணும் சார்.”

சாம்சுந்தரின் குரல் இறங்கியது. “நான் என்னம்மா செய்ய? பூமிக்குள்ள கெடந்த கேபிளை அறுபது அடிக்கு எவனோ தோண்டி எடுத்துட்டான், செம்புக்காக. ஒரு வீட்டுக்காகப் புதுசு போட மாட்டாக. அவன் மட்டும் எங்கையில சிக்கட்டும்.”

 பஞ்சம்மாள் மடியிலிருந்த துணிப்பையை மேசைமேல் கவிழ்த்தாள். மேலுறை எரிந்து கருகிய செம்புக் கம்பிகள் சுருள் சுருளாக விழுந்தன.

“பட்டாசுக் கம்பெனிக்கு சீல் வச்சு மூணு மாசமா வேலை இல்ல. செத்த கேபிளுன்னு ஊரே சொல்லுச்சு. எங்க வீட்டு ஒயர் கம்பத்துலதானே வருதுன்னு நெனச்சுத் தோண்டிட்டேன். போன் அடங்குனப்பதான் தெரிஞ்சுது. ஒரு துண்டு கூட பழைய இரும்புக் கடையில போடல சார். இதை வச்சு மறுபடி இழுத்துக் குடுங்க.”