பதிமூன்று குஞ்சுகள்

பெண்டாட்டி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்க, மாப்பிள்ளை ஜௌஹரி மீன் தொட்டிக்கு முன்னால் படுத்திருந்தான்.

மகளுக்கு மாற்றுத்துணி எடுக்க வந்த மஸ்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நட்டநடுப் பகல். கால் நட்டுக் கட்டிய வீட்டுக்கு அடியில், மூசி ஆற்றில், அவனுடைய படகு சும்மா கட்டிக் கிடந்தது. ஆற்றுத் தண்ணீரின் வெளிச்சம் கூரையில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. இவனோ பலகைத் தரையில் கன்னத்தை வைத்து, காதில் போனோடு, தூக்கத்தில் பேசுகிறவன் மாதிரி பேசிக்கொண்டிருந்தான்.

"தலையில வெள்ளைப் பொட்டு இருக்கே, நம்ம ஹாஜியார், அவர் கல்லுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கார். கடைக்குட்டி வயித்தை உப்பிக்கப் பார்க்குது, வரல. மிளகு அளவு இருந்துக்கிட்டு என்ன கோபம்கிறே! பதிமூணும் சௌக்கியம். அம்மாவும் அப்பாவும் ஜோடியா நின்னு வேடிக்கை பார்க்குதுங்க."

"நல்லா இருக்கு மாப்ளே!"

மஸ்னா பையைத் தொப்பென்று போட்டாள்.

"ரெண்டு தடவை கலைஞ்சுபோச்சு. இதையாவது காப்பாத்தணும்னு என் பொண்ணை ஏழாம் மாசத்துல அசையாம படுக்கப் போட்டிருக்காங்க. நீங்க சாயங்காலம் வந்து தலையைக் காட்டிட்டு, மிச்ச நேரமெல்லாம் இந்தப் பேத்தை மீனுக்குப் பிரசவம் பார்க்கறீங்களா? பெம்பெக் மீன்வடை பொரிக்கக்கூட உதவாத விஷ மீன்!"

ஜௌஹரி பதறி எழுந்து உதட்டில் விரலை வைத்தான்.

"ஒண்ணுமில்ல மெலாத்தி, உங்கம்மாதான். சத்தம் கேட்டு ஹாஜியார் ஓடிட்டார். அப்புறம் கூப்பிடறேன்."

"எங்கே அந்த ஹாஜியார்? நானும்தான் பார்க்கறேன்!"

மஸ்னா கண்ணாடியில் மூக்கை வைத்தாள். உருண்டையாக இரண்டு பெரிய மீன்கள் கண்ணை உருட்டி அவளைப் பார்த்தன. தட்டையாக ஒரு கல். கொஞ்சம் பாசி. வேறு ஒன்றுமே இல்லை.

"குஞ்சுங்க எங்கே மாப்ளே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இல்ல அத்தை. மூணாம் நாளே முட்டையெல்லாம் வெளுத்து, பஞ்சு மாதிரி பூசணம் பூத்துடுச்சு. ஒண்ணுகூடத் தேறல."

"அப்ப போன்ல சொன்னது?"

"ரெண்டு வருஷமா இந்த ஜோடியைப் பழக்கினது அவதான். எனக்கு மீனைப் பத்தி என்ன தெரியும்? ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்குக் காலையிலதான் முட்டை போட்டுச்சு. 'ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்பாங்க, இதுங்க பொழைச்சா நம்மளதும் பொழைக்கும்'னு என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா. நான் என்னத்தைச் சொல்ல? படம் எடுத்தா குஞ்சுங்க மிரளும்னு சொல்லி வெச்சிருக்கேன். தொட்டியைப் பார்த்துக்கிட்டே பேசினாத்தான் எனக்குப் பொய் கோவையா வருது."

மஸ்னா அலமாரியைத் திறந்தாள். துணியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"சாப்பிட்டீங்களா?"

அவன் தொட்டிப் பக்கம் பார்த்தான். கூரை வெளிச்சம் தொட்டிக்குள்ளும் ஆடியது. கல்லுக்குப் பின்னால் மிளகு போல ஏதோ ஒன்று நகர்ந்த மாதிரி அவளுக்கே ஒரு கணம் தோன்றியது.

ஆஸ்பத்திரியில் மெலாத்தி காத்துக்கொண்டிருந்தாள்.

"குஞ்சுங்களைப் பார்த்தீங்களாம்மா?"

மஸ்னாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. இருந்தாலும் துணிந்து இறங்கினாள்.

"பார்க்காம என்ன? பதிமூணும் கொழுகொழுன்னு இருக்கு. அந்த ஹாஜியார் என்னைப் பார்த்து முறைக்கறார்டி! அம்மா மீன் அதுங்களை விட்டு நகரவே மாட்டேங்குது. அணைச்சாப்ல நிக்குது."

மெலாத்தி சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் கட்டியது. அம்மாவின் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். உள்ளே ஒரு சின்ன உதை.

"நீங்களுமாம்மா? இந்த மீன்ல முட்டை போட்டதோட அம்மா வேலை முடிஞ்சுது. அப்புறம் காவலெல்லாம் அப்பாதான். முட்டையோ குஞ்சோ ஒண்ணே ஒண்ணு மிஞ்சியிருந்தாக்கூட அம்மாவை அண்ட விடாது, கடிச்சுத் துரத்திடும். ரெண்டும் ஜோடியா நிக்குதுன்னு அவர் முதல் தடவை சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"அடிப்பாவி! அப்புறம் ஏன் தினமும் கேட்டுக்கிட்டு இருக்கே?"

"அன்னிக்குத் தலையணை நனைய அழுதேன்மா. நம்மளதும் இப்படித்தான் போகும்னு நினைச்சேன். மறுநாள் போன் பண்ணினார். ஹாஜியார் பொறந்திருந்தார். கேட்டதும் சிரிச்சுட்டேன்மா."

தலைமாட்டில் போன் மணி அடித்தது. ஜௌஹரிதான். மெலாத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, எடுக்கும் முன் அம்மாவைக் கிட்டே இழுத்துக் காதில் சொன்னாள்:

"அவர்கிட்ட சொல்லிடாதீங்கம்மா. பாவம், காவல் காத்துக்கிட்டிருக்கார்."