எதிர்த்துப் பேசியவள்

“இந்த இல்லத்தை எதிர்த்து நான் பேசறேன். சீட்டெல்லாம் குலுக்க வேண்டாம்.”

கூட்டம் தொடங்கிய மறுநிமிடமே அவள் கையை உயர்த்திவிட்டாள். எதைக் கண்டாலும் குத்திப் பார்ப்பவள் என்பதால் அவளுக்கு ‘ஊசி’ என்று பெயர்.

“பாவம் அந்த இல்லம். ஊசி கண்ணுல பட்டுடுச்சு” என்றாள் அருகில் அமர்ந்திருந்த மாணவி. எந்த விண்ணப்பத்தைப் படித்தாலும் கண் கலங்கும் அவளை எல்லோரும் ‘பஞ்சு’ என்றே அழைத்தார்கள். ஆதரித்துப் பேசும் பொறுப்பு அவளுக்கு வந்தது.

அது கல்லூரி மாணவர்களே நடத்தும் நிதிக்குழு. தடம் மாறிப் போகக்கூடிய பிள்ளைகளுக்காக உழைக்கும் உள்ளூர் அமைப்பு ஒன்றுக்கு ஆண்டுதோறும் நிதி வழங்குவார்கள். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ஒருவர் ஆதரித்தும் ஒருவர் எதிர்த்தும் பேச வேண்டும் என்பது விதி; யார் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். விண்ணப்பித்த அமைப்போடு தொடர்புள்ள உறுப்பினர் அதை ஆதரித்துப் பேசவோ, வாக்களிக்கவோ கூடாது. தொடர்பு உண்டா இல்லையா என்பதை ஒவ்வொருவரும் எழுதி, உறையிலிட்டு ஒட்டிக் கொடுத்துவிட வேண்டும். வாக்கெடுப்புக்குப் பிறகே பொருளியல் மேடம் அவற்றைப் பிரிப்பார். ஒன்பது பேரின் ஒன்பது உறைகளும் அவர் முன்னே இருந்தன.

இறுதிச் சுற்றில் இரண்டு விண்ணப்பங்கள். ஒன்று, கால்பந்துப் பயிற்சி மன்றத்துடையது. மற்றொன்று, வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்த பெண்கள் தங்கிப் படிக்கும் இல்லத்துடையது. இல்லம் கேட்டிருந்தது நான்கு கணினிகள்.

“நானும் நம்ம குழுத் தலைவரும் நேர்ல போய்ப் பார்த்தோம். அவ்வளவு சுத்தமா வெச்சிருக்காங்க. அந்தப் பொண்ணுங்க படிக்கறதைப் பார்த்தா...” பஞ்சுவின் குரல் தழுதழுத்தது.

“மாடிக்குப் போனீங்களா?” என்றாள் ஊசி.

பஞ்சு தலைவரைப் பார்த்தாள். தலைவராக இருந்த மாணவன் மேசையைப் பார்த்தான்.

“டீ கொடுத்தாங்க. பேசிட்டே கீழ உட்கார்ந்துட்டோம்” என்றாள் பஞ்சு.

“பிஸ்கட்டும் கொடுத்திருப்பாங்களே?”

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

“மாடியிலதான் பதினோரு பேர் தூங்கறாங்க. கூரை ஒழுகுது. மூணாவது கட்டிலுக்கு நேர் மேல ஒழுகறதால கட்டில் மேலயே வாளி வெச்சிருக்காங்க. அதுல படுக்கறவ மழை பெய்தா காலை மடக்கிக்கிட்டுத்தான் தூங்கணும். பின்கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, நாற்காலியை முட்டுக் கொடுக்கறாங்க. மழைக்காலத்துக்குள்ள கூரையைச் சரிபண்ணலேன்னா மாடியை மூடணும்னு நகராட்சி நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிருக்கு. இதுல ஒரு வரியாவது விண்ணப்பத்துல இருக்கா?”

பஞ்சு விண்ணப்பத்தை அவசரமாகப் புரட்டினாள்.

“நீ எப்போ போனே?” என்றான் தலைவர்.

“நீங்க டீ குடிக்காத நேரத்துல.”

இரண்டு பேர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. “நோட்டீஸை மறைச்சது பெரிய தப்பு. அப்போ மன்றத்துக்கே கொடுத்துடலாம்” என்று பேனாவை எடுத்தான்.

ஊசியின் கைவிரல்கள் மேசையின் விளிம்பை இறுகப் பற்றின. ஆயினும் அவள் குரல் தணியவில்லை.

“இன்னும் நான் முடிக்கல. மாடியை மூடினா பதினோரு பேரும் எங்கே போவாங்க? எந்த வீட்டை விட்டு ஓடி வந்தாங்களோ அங்கேதான். அப்புறம் அந்த நாலு கணினியை யார் தொடுவாங்க? வாளி தொடுமா? அதனாலதான் சொல்றேன், கணினிக்குக் கொடுக்கக் கூடாது. கொடுக்கவே கூடாது.”

“ஏம்மா, கத்தறியே, அவங்க ஏன் கூரைக்குக் கேட்கல?” என்றான் தலைவர்.

“கூரை ஒழுகற இடத்துக்கு யார் கொடுப்பாங்கன்னு பயந்திருப்பாங்க. கணினின்னா எல்லாருக்கும் பிடிக்கும், போட்டோவும் நல்லா வரும்.”

“அப்போ நாம என்னதான் செய்யணும்? நீயே சொல்லேன்.”

ஊசி வாயைத் திறந்தாள். மேடத்தின் முன்னிருந்த உறைகளைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

“அதை நான் சொல்லக் கூடாது. எதிர்த்துப் பேசத்தான் வந்தேன். பேசிட்டேன்.”

திடீரென்று பஞ்சு எழுந்து நின்றாள்.

“நான் சொல்றேன். எதுக்குக் கொடுக்கறோம்கறதை மாத்திக் கொடுக்க நமக்கு விதியில இடமிருக்கு. கணினி வேண்டாம். கூரைக்கும் தாழ்ப்பாளுக்கும் கொடுப்போம். மழைக்கு முன்னால வேலை முடியணும்னு நிபந்தனை போடுவோம். இந்தத் தடவை நான் அழ மாட்டேன், கை தூக்குங்க!”

ஏழு கைகள் உயர்ந்தன. மன்றத்துக்கு ஒரே ஒரு கை.

“ஊசி, உன் கை எங்கே? ஒரு மணி நேரம் வாதாடிட்டு ஓட்டுப் போடலியா?” என்றான் தலைவர்.

“பேசிப் பேசி களைச்சுப் போயிட்டேன். கை எழும்பல.”

“நல்லவேளை, நீ தோத்துட்டே” என்று பஞ்சு அவள் தோளில் தட்டினாள்.

“ஆமா, தோத்துட்டேன்” என்று சொல்லிவிட்டு ஊசி பையை எடுத்துக்கொண்டு விரைந்து வெளியேறினாள். வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

எல்லோரும் சென்ற பின்னர் மேடம் உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். எட்டுத் தாள்களில் ‘தொடர்பு இல்லை’ என்றிருந்தது.

ஒன்பதாவது தாளில், இல்லத்தின் பெயருக்கு எதிரே, ஊசியின் கையெழுத்தில் இவ்வாறு எழுதப்பட்டிருந்தது: ‘மாடி அறை, மூன்றாவது கட்டில்.’