ரொட்டிப் பையில் ஓலியின் முடி

டுலூத் நகரத்து வேக்குவம் கிளீனர் கடையில், சாம்பல் நிறக் கம்பளத் துண்டின்மேல் ஆர்விட் ரொட்டிப் பையைக் கவிழ்க்கிறார். காலையில் சீவியெடுத்த நாய்முடி வெள்ளை வெள்ளையாய்ச் சரிகிறது. சோதித்துக் காட்டவென்று கடைக்காரி டோரீன் ஒரு ஜாடி நிறைய முடி வைத்திருக்கிறாள். அது லாப்ரடார் நாயின் குட்டை முடி, ஆர்விட்டுக்கு அதில் நம்பிக்கையில்லை. “எங்க ஓலி பனிநாட்டு ஹஸ்கி ஜாதிம்மா. ஏப்ரல் வந்தா இன்னொரு நாய் செய்யற அளவுக்கு உதிர்ப்பான்.” பக்கத்தில் மனைவி மார்லிஸ், ஆஸ்துமா மருந்துக்குழலைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறாள். வீட்டில் முடி இருக்கக் கூடாது, முடியாதென்றால் நாயை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில்போலவே கம்பளத்தில் பதியட்டும் என்று ஆர்விட் பூட்ஸ் நுனியால் முடியை லேசாக அழுத்துகிறார். “மிதிக்கச் சொன்னா தடவிக் குடுக்கறீங்களே! தள்ளுங்க” என்று மார்லிஸ் குதிகாலால் திருகித் திருகி மிதிக்கிறாள். டோரீன் இயந்திரத்தை ஓடவிடுகிறாள். வெளியே வண்டிக்குள் ஓலி ஊளையிடுவது இந்த இரைச்சலில் கேட்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் திறந்த வாய் மட்டும் தெரிகிறது. இரண்டு இழுப்பில் கம்பளம் சாம்பல் நிறத்துக்குத் திரும்புகிறது. ஆனால் ஓரத்தில் நாலைந்து முடி அப்படியே படிந்திருப்பதை ஆர்விட் பார்த்துவிடுகிறார். குப்பைக் குடுவையைக் கழற்ற டோரீன் முதுகைத் திருப்புகிறாள். மார்லிஸ் குனிகிறாள், ஷூ நாடாவைச் சரிசெய்பவள்போல. முடியை நகத்தால் கிள்ளியெடுத்துக் கோட்டுப் பைக்குள் திணிக்கிறாள். ஆர்விட் அவசரமாக விலைச்சீட்டைப் படிக்கத் தொடங்குகிறார். “ஒண்ணு விடாம எடுத்துடுச்சு பாருங்க. இதையே வாங்கிடலாம்” என்கிறாள் மார்லிஸ். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிடுகிறது.